சலம் போவதில் சிக்கலா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக் வருகிறவர்கள் மருந்துத் துண்டை மடித்துக்கொண்டு எழும்பும்போதுதான் "இன்னொன்று கேட்க வேணும்..." என்று இழுப்பார்கள். அந்த இன்னொன்று பெரும்பாலும் சலம் சம்பந்தப்பட்டதாகவே இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்கப்படும் அந்தக் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில்.

ஒரு நாளைக்கு எத்தனை தரம் போவது சரி?

வளர்ந்த ஒருவர் பகலில் ஆறு முதல் எட்டுத் தரம் போவார். இரவில் ஒரு தரம் எழும்பலாம், எழும்பாமலும் விடலாம். அறுபது தாண்டியவர்கள் இரவில் ஒன்றிரண்டு தரம் எழும்புவதை நோய் என்று சொல்ல மாட்டோம். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஐந்து தரம் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று பன்னிரண்டு தரம் போகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது?

சிறுநீரகங்கள் இரவு பகலாக இரத்தத்தை வடித்துச் சலத்தைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. சிறுநீர்ப்பை தசையால் ஆன பை. அதில் 150 முதல் 200 மில்லிலீற்றர் சேரும்போது முதல் உணர்வு வரும். பெரும்பாலானோருக்கு 400, 500 வரை கொள்ளும். அதுவரை வாசல் தசை இறுகியிருக்கும், பை தளர்ந்திருக்கும். போய் இருந்ததும் மூளை உத்தரவு கொடுக்க, வாசல் திறந்து பை சுருங்கும். இந்த உத்தரவு முள்ளந்தண்டு வடத்தின் வழியாகத்தான் போய் வருகிறது.

ஆகவே சிக்கல் நான்கு இடத்தில் வரலாம். வந்து சேரும் சலம் கூடலாம், பை பிடித்து வைக்க மறுக்கலாம், வாசல் அடைபடலாம் அல்லது பலவீனமாகலாம், உள்ளே கிருமி தொற்றலாம். கீழே வரும் வருத்தங்களில் பெரும்பாலானவை இந்த நாலுக்குள் ஏதோ ஒன்றுதான்.

வயலிலும் பஸ்ஸிலும் போக இடமில்லை. தண்ணீரைக் குறைத்து, வருவதை அடக்கிக்கொள்கிறோம். அதனால் ஏதும் வருமா?

வரும். பெண்கள் கேட்கும் கேள்வி இது, ஆண்களுக்குப் பத்தை இருக்கிறது. களை பிடுங்கவோ கச்சான் பிடுங்கவோ வெள்ளன போகிற பெண் விடிய ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போகிறாள். மதியம் வரைக்கும் தண்ணீர்ப் போத்தலைத் திறப்பதில்லை, திறந்தால் போக வேண்டி வரும் என்ற பயம். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்களும் அப்படித்தான், பின்னேரமே குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பள்ளிக்கூட மலசலகூடத்துக்குத் தண்ணீர் வராது, கதவில் கொண்டி இல்லை என்பதற்காகக் காலை ஏழரையில் இருந்து வீடு வரும்வரை அடக்கும் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எப்போதாவது ஒரு தரம் இரண்டு மணித்தியாலம் அடக்குவதால் ஒன்றும் ஆகாது. நாள்தோறும் செய்தால் கதை வேறு. சலம் ஓடும்போது வழியில் ஏறிய கிருமிகளையும் கழுவிக்கொண்டு போகிறது. ஓடாமல் தேங்கினால் அவை பெருகுகின்றன. குடிப்பது குறையக் குறையச் சலம் செறிவாகி எரியும், கல் உருவாகவும் வசதியாகும். வெயிலில் உடல் காயும்போது சிறுநீரகமும் பாடுபடும்.

அதனால் தண்ணீரைக் குறைக்காமல் இடத்தை ஒழுங்கு செய்யுங்கள். வேலைக்கு ஆள் பிடிக்கிறவர் வயல் கரையில் நான்கு தடியும் ஒரு தறப்பாளும் கட்டி மறைப்புச் செய்து கொடுப்பது பெரிய செலவு இல்லை. வெட்கத்தை விட்டு அதைக் கேளுங்கள், தனியாகக் கேட்க முடியாவிட்டால் மாதர் சங்கத்தின் ஊடாகக் கேளுங்கள். பள்ளிக்கூடம் என்றால் பெற்றோர் கூட்டத்தில் மலசலகூடக் கதையை முதலாவதாக எடுக்க வேண்டும். பஸ் பயணத்தில் குடிப்பதை அடியோடு நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, பஸ் நிற்கும் இடத்தில் முட்டாவிட்டாலும் போய்விட்டு வாருங்கள்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

நிழலில் இருக்கிறவருக்கு நாளைக்கு இரண்டு, இரண்டரை லீற்றர் போதும். சிறுபோக வெயிலில் வேலை செய்கிறவருக்கு அது காணாது. சலத்தின் நிறத்தைப் பாருங்கள்: வெளிர் மஞ்சள் என்றால் சரி, கடும் மஞ்சள் என்றால் இன்னும் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி கொஞ்சம் குடிப்பது நல்லது. இதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு வைத்தியர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

சலக்கடுப்பு என்று சொல்வது சூடா, கிருமியா?

வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் விட்டதால் வரும் எரிவும் உண்டு. அது இரண்டு, மூன்று போத்தல் தண்ணீரோடு அன்றைக்கே தணிந்துவிடும். அடிக்கடி முட்டுகிறது, போனால் கொஞ்சம்தான் வருகிறது, முடியும்போது கடுக்கிறது, அடிவயிறு நோகிறது, சலம் கலங்கி மணக்கிறது என்றால் அது பெரும்பாலும் கிருமித் தொற்று. இளநீரையும் வெந்தயத் தண்ணீரையும் மட்டும் நம்பி நாலு நாள் இருக்க வேண்டாம். இளநீர் குடிப்பதில் பொதுவாகப் பிழையில்லை, ஆனால் அது கிருமியைக் கொல்லாது. (சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் ஆகாது.)

பெண்களுக்குத்தான் இது அதிகம். அவர்களின் சலவழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளம்தான், ஆண்களுக்கு 20 வரை இருக்கும். மலவாசலும் பக்கத்திலேயே இருப்பதால் குடலில் சாதாரணமாக வாழும் ஈ-கோலி என்ற கிருமி சுலபமாக ஏறிவிடும். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவச் சொல்வது இதனால்தான். தாம்பத்திய உறவுக்குப் பிறகு சலம் போய்விட்டுப் படுங்கள். உள்ளே சவர்க்காரமோ டெற்றோலோ போட்டுக் கழுவாதீர்கள், அது காவலுக்கு நிற்கும் நல்ல கிருமிகளையும் அழித்துவிடும்.

ஒரு விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். பார்மசியில் போய் "சலக்கடுப்புக்கு நாலு குளிசை தாங்கோ" என்று கேட்பதும், போன வருஷம் மிஞ்சிய அன்ரிபயோற்றிக்கை விழுங்குவதும், அக்காவுக்குக் கொடுத்ததைத் தங்கை குடிப்பதும் நம்மூரில் சர்வ சாதாரணம். இரண்டு நாளில் கடுப்புக் குறையும், குளிசையும் நிற்கும். சாகாமல் மிஞ்சிய கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அசையாது. கடைசியில் ஊசி மருந்துக்காக வார்ட்டில் கிடக்க வேண்டி வரும். அரச வைத்தியசாலையில் சலப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தந்த மருந்தை, சுகம் வந்துவிட்டது போலத் தெரிந்தாலும் சொன்ன நாள் வரைக்கும் முடியுங்கள்.

காய்ச்சல், நடுக்கம், சத்தி, விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் நோ என்று வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே போக வேண்டும். ஆண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சலத்தில் தொற்று வந்தால் ஒரு தரம் என்றாலும் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும், பின்னால் அடைப்போ கல்லோ இருக்கலாம். கடியும் வெள்ளைபடுதலும் சேர்ந்த எரிவு பெரும்பாலும் பங்கசு, அதற்கு வேறு மருந்து. ஆண்குறியில் இருந்து சீழ் போல வந்தால் பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே விபரம் வெளியே போகாது.

சலச் சாம்பிள் எப்படிக் கொடுப்பது?

கழுவித் துடைத்துவிட்டு, முதல் கொஞ்சத்தை வெளியே விட்டு, நடுவில் வருவதைப் போத்தலில் பிடியுங்கள். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக்கூடாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை என்றால் அன்ரிபயோற்றிக் தொடங்க முதல் பிடிக்க வேண்டும், பிடித்ததை உடனே கையளிக்க வேண்டும். யோகட் கப், ஜாம் போத்தல் எல்லாம் கல்ச்சருக்கு உதவாது. மாதவிடாய் நாள் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் றிப்போட்டில் இரத்தம் என்று வந்து எல்லாரும் பயப்படுவீர்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது அடிக்கடி முட்டுகிறது. அது இயல்புதானே?

இயல்புதான். முதல் மூன்று மாதமும் கடைசி மூன்று மாதமும் கூடுதலாக முட்டும். எரிவும் காய்ச்சலும் இயல்பு இல்லை. கர்ப்ப காலத்தில் ஒரு அறிகுறியும் இல்லாமல் சலத்தில் கிருமி இருக்கலாம், விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறி மாதம் குறைந்த பிரசவத்துக்குக் கொண்டுபோகும். கிளினிக்கில் சலம் பார்ப்பது சம்பிரதாயத்துக்கு இல்லை. ஒரு முறை தவறவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி அடுத்த முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இருமினால், தும்மினால், தண்ணி வாளி தூக்கினால் கொஞ்சம் போய்விடுகிறது. பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கும் என்கிறார்களே?

பலருக்கு இருக்கிறது என்பது உண்மை. அதற்காகப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பிரசவத்தாலும் பாரம் தூக்குவதாலும் நீண்ட நாள் இருமலாலும் மலச்சிக்கலாலும் இடுப்பின் அடித்தளத் தசை தொய்ந்துபோகிறது. அதைப் பயிற்சியால் இறுக்கலாம்.

கூட்டத்தில் இருக்கும்போது காற்றுப் பிரியாமல் இறுக்குவீர்களே, அந்தத் தசைதான். வயிறு, தொடை, பின்பக்கம் எதையும் இறுக்காமல் அதை மட்டும் உள்ளே இழுத்து ஐந்து செக்கன் பிடியுங்கள், ஐந்து செக்கன் விடுங்கள். மூச்சை அடக்கக்கூடாது. பத்துத் தரம் செய்தால் ஒரு சுற்று, நாளைக்கு மூன்று சுற்று. பழகப் பழகப் பத்துச் செக்கன் வரை கூட்டலாம். அடுப்படியில் நின்றபடியும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஒரு கிழமையில் பலன் தேடாதீர்கள், மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். சலம் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம், பை முழுதாகக் காலியாகாமல் விட்டுவிடும். இருமல் வரப்போகிறது என்று தெரிந்தால் அந்தக் கணத்திலேயே இறுக்கிக்கொள்ளுங்கள்.

கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோல இருந்தால் கருப்பை இறக்கமாக இருக்கலாம். அதற்கு வளையம் வைப்பதும் சத்திரசிகிச்சையும் உண்டு. எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் நடக்கும் பெண்கள் கிளினிக்கில் முதலில் காட்டலாம்.

முட்டினால் அடுத்த நிமிஷம் ஓட வேண்டும். வாசலுக்குப் போக முதல் போய்விடுகிறது.

இது வேறு வகை. வாசல் தசையில் பிழையில்லை, பை தன்பாட்டில் சுருங்குகிறது. தொற்று இல்லை, சீனி இல்லை என்று உறுதியான பிறகு பையைப் பழக்க வேண்டும். முட்டியதும் ஓடாதீர்கள், ஓடினால் இன்னும் முட்டும். நின்ற இடத்தில் நின்று, அல்லது கதிரையில் இருந்து, மேலே சொன்ன தசையை ஐந்தாறு தரம் சட்டுச் சட்டென்று இறுக்கி விடுங்கள். அலை தணிந்ததும் நடந்து போங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் போகிறவர் முதல் கிழமை ஒன்றேகால் மணித்தியாலம், பிறகு ஒன்றரை என்று கூட்டிக்கொண்டு போகலாம். கடும் தேத்தண்ணீரையும் கோப்பியையும் சோடாவையும் குறைத்துப் பாருங்கள். இவற்றோடு சரிவராவிட்டால் குளிசை இருக்கிறது. கால் நோவுள்ள வயதானவர்களுக்கு மலசலகூடம் வளவின் அந்தத் தொங்கலில் இருப்பதே பாதிப் பிரச்சினை. இரவுக்கு ஒரு வாளியோ கொமோட் கதிரையோ கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் விழுந்து இடுப்பு முறிவதும் தப்பும்.

இரவில் மூன்று, நாலு தரம் எழும்புகிறேன். புரொஸ்ரேற்தானே?

ஐம்பது தாண்டிய ஆண் இரவில் எழும்பினால் எல்லாரும் அதைத்தான், சலவழியைச் சுற்றியுள்ள புரொஸ்ரேற் சுரப்பியின் வீக்கத்தைத்தான், சொல்வார்கள். சில நேரம் சரி, பல நேரம் பிழை. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, காசு தேவையில்லை. அளவு கோடு போட்ட பிளாஸ்ரிக் ஜக் ஒன்றும் ஒரு கொப்பியும் எடுங்கள். மூன்று நாளைக்கு ஒவ்வொரு தரமும் சலத்தை அதில் பிடித்து, நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். குடித்ததையும் எழுதுங்கள்.

மல்லாவிப் பக்கத்து அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவரின் கொப்பி இப்படி இருக்கிறது என்று வைப்போம். காலை 9.30க்கு 200, மதியம் 1 மணிக்கு 200, பின்னேரம் 5 மணிக்கு 150, படுக்க முதல் 9 மணிக்கு 150. பிறகு இரவு 11.30க்கு 300, 2 மணிக்கு 350, 4.15க்கு 300, விடிய 6 மணிக்கு 250. விடிய எழும்பிப் போவதும் இரவுக் கணக்குத்தான், இரவு முழுக்கச் சேர்ந்தது அது. ஆக, பகலில் 700, இரவில் 1200. ஒரு நாள் சலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட இரவில் வருகிறது. வயதானவருக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே கூடுதல். அவரின் பை ஒரே தரத்தில் 350 பிடிக்கிறது, அதில் பெரிய குறை இல்லை. சலம் உருவாகும் நேரம்தான் பிழைத்துவிட்டது. பகல் முழுக்க நின்றும் இருந்தும் காலில் இறங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பி வடிகிறது. பின்னேரம் அவரின் கணுக்காலை விரலால் அமத்திப் பார்த்தால் குழி விழும். அவருக்குப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலை உயர்த்தி வைத்துப் படுப்பதும், இரவுச் சாப்பாட்டில் உப்பைக் குறைப்பதும், ஏழு மணிக்குப் பிறகு தேத்தண்ணீரை விடுவதும் உதவும். இதயத்தையும் பார்க்க வேண்டும். நீர் போகக் குடிக்கும் குளிசையை எந்த நேரம் எடுக்கிறார் என்றும் வைத்தியர் பார்ப்பார், நேரத்தை மாற்றினாலே சிலருக்கு நித்திரை திரும்பிவிடும்.

அதே கொப்பியில் ஒவ்வொரு தரமும் 80, 100 என்று இருந்தால் பையிலோ புரொஸ்ரேற்றிலோ சந்தேகப்படலாம். மொத்தம் நாளைக்கு மூன்று லீற்றரைத் தாண்டினால் சலரோகத்தைப் பார்க்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சீனிக் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுவதால் சலம் கூடத்தான் செய்யும், அதற்காகத் தானாக நிறுத்த வேண்டாம்.

புரொஸ்ரேற் என்றால் எப்படித் தெரியும்?

தொடங்கக் காத்து நிற்க வேண்டும், தாரை மெலிந்திருக்கும், விட்டு விட்டு வரும், முடிந்த பிறகும் சொட்டும், போய்விட்டு வந்தாலும் மிச்சம் இருப்பதுபோல இருக்கும். சலவழியைச் சுற்றியுள்ள சுரப்பி வயதோடு வீங்கி வழியை நெரிக்கிறது. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, ஆனால் அதையும் பார்த்து ஒதுக்க வேண்டும். டாம்சுலோசின் போன்ற குளிசை வழியைத் தளர்த்தும், முதல் நாட்களில் எழும்பும்போது தலை சுற்றலாம் என்பதால் படுக்கும்போது எடுங்கள். குளிசைக்கு அடங்காவிட்டால் சலவழியாகவே கருவி விட்டுச் சுரண்டி எடுப்பார்கள், வயிற்றை வெட்டுவதில்லை.

தடிமனுக்குப் பிரிற்றன் போடுகிற ஐயாமார் கவனிக்க வேண்டும். புரொஸ்ரேற் வீக்கம் இருக்கிறவருக்கு அந்தச் சின்ன மஞ்சள் குளிசையே சலத்தை முழுதாக அடைத்துவிடக்கூடும். மூக்கடைப்புக் குளிசைகளும் அப்படித்தான்.

அடைத்துவிட்டால் என்ன செய்வது?

வயிறு பொருமி, முட்டி, ஒரு சொட்டும் வராமல் சில மணித்தியாலம் போனால் அது அவசரம். இன்னும் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், பை வீங்கி நோ கூடும். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வைத்தியசாலையில் ரியூப் விட்டதும் சில நிமிடத்தில் ஆள் சிரிப்பார்.

பிள்ளை இன்னும் படுக்கையில் போகிறான். ஆறு வயது.

ஐந்து வயதில் ஏழு பிள்ளைகளில் ஒன்று போகும், வருஷம் போகப் போகத் தானாகக் குறையும். அடிப்பதும், நனைந்த பாயைத் தெருவில் போட்டு ஊருக்குக் காட்டுவதும் பிள்ளையை நோகடிக்குமே தவிர, நித்திரையில் போவதை நிறுத்தாது. பகலில் நன்றாகக் குடிக்கக் கொடுத்துப் பின்னேரத்துக்குப் பிறகு குறையுங்கள், படுக்க முதல் போகவிடுங்கள், மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். மலம் இறுகிய குடல் சிறுநீர்ப்பையை அமத்தும். ஏழு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்து திரும்பத் தொடங்கினால் மட்டும் தாமதிக்க வேண்டாம்: தொற்றாக இருக்கலாம், வீட்டில் நடந்த ஏதோ ஒன்றுக்குப் பயந்திருக்கலாம். தாகமும் மெலிவும் சேர்ந்திருந்தால் சீனியை அன்றைக்கே பார்க்க வேண்டும்.

முள்ளந்தண்டில் காயப்பட்டவருக்குச் சலம் போவதை எப்படிப் பார்ப்பது?

வன்னியில் இது ஒன்றிரண்டு வீட்டுக் கேள்வி இல்லை. 2009 வரையான போரில் எறிகணையும் குண்டும் பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காமல் போனவர்கள் பலர் இருக்கிறார்கள். மரத்தால் விழுந்தவர்களும் மோட்டார் சைக்கிள் விபத்துக்காரர்களும் வருஷா வருஷம் சேர்கிறார்கள். மூளைக்கும் பைக்கும் இடையிலான தொடர்பு அறுந்தால் பை நிரம்பியது தெரியாது, நினைத்தபோது காலியாகாது. வழியும்போது "போகுதுதானே" என்று விட்டால், உள்ளே தேங்கியது அழுத்தம் கூடி மேலே திரும்பிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காயத்தில் தப்பியவரை வருஷங்கள் கழித்துக் கொண்டுபோவது பல நேரம் இந்தத் தேக்கம்தான்.

கை இயங்குகிறவருக்கு நல்ல வழி, நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மெல்லிய கதீற்றரை (சலவழியாக விடும் ரியூப்) தானே விட்டுச் சலத்தை எடுத்துவிட்டுக் கழற்றுவது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும், கையுறை கட்டாயம் இல்லை. ஒரு தரத்தில் 500 மில்லிலீற்றரைத் தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். பழகும்வரை தாதியோடு இருந்து செய்து பாருங்கள்.

நிரந்தரமாக ரியூப் வைத்திருப்பவர், சலம் வந்து சேரும் வெளிப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும், நிலத்தில் படவிடக்கூடாது. சக்கர நாற்காலியில் ஏறும்போது பையை மடியில் வைப்பது எல்லாரும் செய்கிற பிழை, சலம் திரும்பி உள்ளே ஓடும். ரியூப்பின் வகையைப் பொறுத்து மாற்றும் காலம் வேறுபடும், சிலிக்கன் என்றால் பன்னிரண்டு கிழமை வரை வைக்கலாம். மாற்றும் திகதியைக் கலண்டரில் எழுதிவையுங்கள். ரியூப் போட்டவரின் சலம் கொஞ்சம் கலங்கியிருக்கும், காய்ச்சலோ நடுக்கமோ இல்லாவிட்டால் அதற்கு அன்ரிபயோற்றிக் வேண்டாம்.

நெஞ்சு மட்டத்திலோ கழுத்திலோ காயப்பட்டவருக்குத் திடீரென்று தலையிடி மண்டையைப் பிளந்து, முகம் சிவந்து, மேலுடம்பு வியர்த்தால் பிரஷர் ஆபத்தாக ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி இருத்துங்கள், ரியூப் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், ரியூப் இல்லாவிட்டால் சலத்தை எடுங்கள். அடங்காவிட்டால் 1990. வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையுமா?

வாழைத்தண்டு, நெருஞ்சி முள்ளு அவித்த தண்ணீர் இரண்டும் ஊர் வழக்கம். பெரும்பாலான கல் கல்சியம் ஒக்சலேற்றால் ஆனது, சாறு அதைக் கரைப்பதில்லை. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கல் அநேகமாகத் தானாக இறங்கிவிடும், அப்போது பாராட்டு சாறுக்குப் போய்விடுகிறது. வாழைத்தண்டைக் கறியாகச் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடு. குடிக்க வேண்டியது தண்ணீர். காமரங்காயையும் பிலிம்பிக்காயையும் சாறாக அடித்துக் குடிக்கவே வேண்டாம், அவற்றில் இருக்கும் ஒக்சலேற் நல்ல சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்திருக்கிறது. கல் நோவோடு காய்ச்சலும் வந்தால் அன்றிரவே வைத்தியசாலை.

நிறம் மாறினால்?

பீற்றூட் சாப்பிட்டால் சிவக்கும், வைற்றமின் குளிசைக்குப் பளிச்சென்ற மஞ்சள் வரும், காசநோய் மருந்துக்குச் செம்மஞ்சள். இவற்றுக்குப் பயம் வேண்டாம். பிளேன்ரீ நிறத்தில் போய்க் கண்ணும் மஞ்சளாக இருந்தால் ஈரலைப் பார்க்க வேண்டும். நுரை அடங்காமல் நிற்பது புரதம் போவதன் அடையாளமாக இருக்கலாம்.

நோவில்லாமல் இரத்தம் போய், அடுத்த நாள் தானாகத் தெளிந்துவிட்டால் ஆட்கள் மறந்துவிடுவார்கள். மறக்கவே கூடாதது அதுதான். நாற்பது தாண்டியவர், அதிலும் பீடி, சுருட்டு, சிகரெட் பழக்கம் உள்ளவர் என்றால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். ஒரே ஒரு தரம் என்றாலும் ஸ்கானும், கமெரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் தேவை.

எங்கள் கிணற்றுத் தண்ணீரால் கிட்னி பழுதாகுமா?

கேத்தலில் வெள்ளைப் படை பிடிப்பதைப் பார்த்துத்தான் இந்தப் பயம். அந்தப் படை சுண்ணாம்பு. அதுமட்டும் கிட்னியைக் கெடுப்பதில்லை. ஆனால் பயத்துக்கு வேறு காரணம் உண்டு: 1990களில் வட மத்திய மாகாணத்தில், பதவியா, மதவாச்சிப் பக்கம், சலரோகமும் பிரஷரும் இல்லாத விவசாயிகளிடம் ஒரு நாட்பட்ட சிறுநீரக நோய் தெரியவந்தது. வவுனியா மாவட்டத்திலும் வெலிஓயாப் பகுதியிலும் அது இருக்கிறது. நிலத்தடி நீரின் ஃபுளோரைட்டும் கடினத்தன்மையும், விவசாய இரசாயனம், வெயிலில் உடல் காய்தல் என்று பல காரணம் பேசப்படுகிறது, ஒன்றும் தனியாக நிறுவப்படவில்லை.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைட் போகாது. ஆர்ஓ இயந்திரத்தில் வடித்த தண்ணீர் கிடைக்கும் இடத்தில் குடிக்கவும் சமைக்கவும் அதை எடுங்கள். மழைநீர் சேமித்தாலும் நல்லது. கிடைக்காவிட்டால் பயத்தில் குடிப்பதைக் குறைப்பது இன்னும் கேடு. இந்த நோயில் சலம் கடைசிவரை வழமைபோலவே போகலாம், ஆகவே முப்பத்தைந்து தாண்டிய விவசாயி வருஷத்துக்கு ஒரு தரம் இரத்தத்தில் கிரியற்றினினும் (சிறுநீரகம் வடிக்கும் கழிவு) சலத்தில் அல்புமினும் (ஒரு புரதம்) பார்ப்பது நல்லது. அருவி வெட்டு முடிந்த இரவு நாரி நோவுக்கு டைக்ளோஃபெனாக் போடுகிற பழக்கத்தை விடுங்கள். காய்ந்த உடம்பில் அது சிறுநீரகத்துக்கு நேரடி அடி.

வயலில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல். சலம் குறைந்துவிட்டது.

காத்திருக்காதீர்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், சிறுநீரகத்தை வேகமாகத் தாக்கும். 2024 டிசெம்பரில் வடக்கில் அது உயிர்களைக் கொண்டுபோனது. கண் சிவப்பும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். வைத்தியரிடம் "சேற்றில் இறங்கினேன்" என்று கேட்க முதலே சொல்லுங்கள். போகம் தொடங்க முதல் பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டால் தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் கிடைக்கும். டெங்குவிலும் சலம் குறைவது ஆபத்து அறிகுறி. புடையன் பாம்பு கடித்தவருக்குச் சலம் சிவந்தாலோ குறைந்தாலோ விஷம் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது. கடித்த உடனேயே, அறிகுறிக்குக் காத்திராமல், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

எங்கே போய்க் காட்டுவது?

முதலில் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையின் ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு). தேவை என்றால் மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிக்குளம் ஆதார வைத்தியசாலைகளுக்கோ, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளுக்கோ துண்டு தருவார்கள். சத்திரசிகிச்சை வரைக்கும் போனால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள், மூன்று நாள் கொப்பியையும். வயிற்று ஸ்கான் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு முதல் ஒரு லீற்றர் தண்ணீர் குடித்து, முட்ட வைத்துக்கொண்டு போக வேண்டும். பெண் வைத்தியர் அல்லது பெண் தாதி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, உள்ளே போக முதலே சொல்லிவிடுங்கள்.